பத்துமலைப் படியில் நெஞ்சு வலித்தால்: மலேசியப் பயணத்தில் மருத்துவ அவசரத்தைக் கையாளும் முறை

தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்குச் சுற்றுலா செல்லும் குடும்பங்களின் பயணத் திட்டத்தில் பத்துமலை தவறாமல் இடம்பெறும். முந்தைய இரவு விமானத்தில் சரியாக உறங்காமல் வந்திறங்கி, விடுதியில் அவசரமாகக் காலை உணவை முடித்து, ஒன்பது மணி வெயிலில் 272 படிகளை ஏறுபவர்களில் பலர் 60 வயதைக் கடந்தவர்கள். அவர்களில் பலர் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் நாள்தோறும் மாத்திரை உட்கொள்பவர்கள். ஊரில் மாடிப்படி ஏறவே யோசிப்பவர்கூட முருகன் சந்நிதி என்றதும் யோசிக்காமல் ஏறிவிடுவார். எனவே வெளிநாட்டில் ஏற்படும் மருத்துவ அவசரத்தை எவ்வாறு கையாள்வது என்பதை விளக்க இந்த இடத்தையே எடுத்துக்கொள்கிறேன். இங்கே கூறப்படுபவற்றில் பெரும்பகுதி வேறு எந்த நாட்டிற்கும் பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பா அந்தப் படிகளில் முக்கால்வாசி ஏறியபின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. "வாயுப் பிடிப்புதான், ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும்" என்று அவரே சொன்னார். நாங்களும் அதை நம்ப விரும்பியதால் ஏறத்தாழ இருபது நிமிடங்களை வீணாக்கினோம். பிறகு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எங்களை விசாரித்த மருத்துவர் மலேசியத் தமிழ்ப் பெண்மணி. "என்னென்ன மருந்து சாப்பிடுறாரு?" என்று நல்ல தமிழில்தான் கேட்டார். எனக்குத் தெரிந்த பதில், "காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, இரவில் பாதி மஞ்சள் மாத்திரை" என்பது மட்டுமே. மாத்திரைப் பெட்டி சுற்றுலாப் பேருந்தில் இருந்தது. பேருந்தோ கெந்திங் மலைக்குப் புறப்பட்டுவிட்டது. மொழி எங்களுக்குத் தடையாக இருக்கவே இல்லை, சொல்வதற்குத் தகவல்தான் இல்லை.

ஊரிலேயே எழுத வேண்டிய தாள்

ஆகையால் முதல் வேலை பயணத்திற்கு முன்பே, வீட்டு மேசையில் முடிய வேண்டியது. நோயாளியாகக்கூடிய ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு தாளில், ஆங்கிலத்தில், தெளிவான எழுத்தில் அவரது மருத்துவ விவரத்தை எழுதி, மூன்று நகல்கள் எடுத்து, ஒன்றை அவரது சட்டைப் பையிலோ கைப்பையிலோ, ஒன்றை உடன் வருபவரிடம், மற்றொன்றை ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்துவையுங்கள். கைப்பேசியில் படமாகவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கைப்பேசி பூட்டியிருக்கும்போது அதன் உரிமையாளர் மயங்கிக் கிடந்தால் அந்தப் படத்தால் பயனில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் மருந்துகளின் வணிகப் பெயரை எழுதினால் போதாது. நம் ஊர் மருந்துக்கடையில் கேட்கும் பெயர்கள் பலவும் கோலாலம்பூரிலோ லண்டனிலோ யாருக்கும் தெரியாதவை. மாத்திரை அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் மருந்தின் மூலப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுத வேண்டும். இந்தியாவில் இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்துத் தருவது மிகவும் வழக்கம். 'சர்க்கரை மாத்திரை ஒன்று' என்று நாம் சொல்வதற்குள் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்திருக்கலாம். இது வெறும் பெயர்ப் பிரச்சினை அன்று. இதய இரத்தக் குழாயைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோகிராம் சோதனைக்கு மருந்துக் கரைசலைச் செலுத்துவதற்கு முன், நோயாளி மெட்ஃபார்மின் எடுக்கிறாரா, சிறுநீரகம் எந்த நிலையில் உள்ளது என்று மருத்துவர் கேட்பார். அதேபோல் இரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும் குளோபிடோக்ரல், வார்ஃபரின், அசினோகூமரால் போன்றவற்றை ஒருவர் எடுக்கிறார் என்ற செய்தி, அவருக்கு விபத்தில் தலையில் அடிபட்டிருந்தால் சிகிச்சையின் திசையையே மாற்றிவிடும்.

ஒரே மருந்துக்கு நாட்டுக்கு நாடு வேறு பெயர் வழங்குவதும் உண்டு. நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்கிறார்கள். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டரால். மலேசியாவில் இந்தக் குழப்பம் குறைவு.

மருந்துகளுக்கு அடுத்து, ஒவ்வாமை எதற்கு உண்டு, முன்பு நடந்த அறுவைச் சிகிச்சைகள், உடலில் ஸ்டென்ட் அல்லது பேஸ்மேக்கர் உள்ளதா, இரத்த வகை, ஊரில் பார்க்கும் மருத்துவரின் பெயரும் எண்ணும், காப்பீட்டு எண்ணும் அதன் 24 மணி நேர உதவி எண்ணும் அதே தாளில் இருக்க வேண்டும். கடைசியாக எடுத்த ஈசிஜியின் நகலை அதன் பின்னால் இணைத்துவிடுங்கள். இதய நோயாளிக்கு இதைவிடப் பயனுள்ள காகிதம் வேறில்லை. பழைய ஈசிஜியோடு ஒப்பிட்டால்தான் இன்று தெரியும் மாற்றம் புதிதா என்பதை மருத்துவர் உடனே சொல்ல முடியும்.

அளவைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். இந்தியாவில் இரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறோம். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று அளக்கிறார்கள். அந்த எண்ணை 18 ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய எண் கிடைக்கும். பெரியப்பாவுக்கு விரல் நுனியில் குத்திப் பார்த்த செவிலியர் 14.2 என்று சொன்னபோது, அருகில் நின்ற என் அத்தை "பதினாலா? அவ்வளவு குறைந்துவிட்டதா? சீக்கிரம் சர்க்கரை கொடுங்கள்" என்று பதறிவிட்டார். உண்மையில் அது ஏறத்தாழ 256. (காலையில் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் என்னும் தேநீர் இரண்டு குவளை குடித்ததைப் பெரியப்பா பிறகுதான் ஒப்புக்கொண்டார்.) தாழ்சர்க்கரைக்கான எல்லை நம் கணக்கில் 70, அவர்கள் கணக்கில் 3.9. இந்த ஒரு சோடி எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டாலும் போதும். உடல் வெப்பநிலையை அங்கே செல்சியஸில்தான் சொல்வார்கள். நமது 101 டிகிரி அவர்களுக்கு 38.3.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டும். இந்தியாவில் குப்பியில் விற்கும் இன்சுலினில் மிகுதியும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் வலிமை கொண்டது. அதற்கென்றே சிவப்பு மூடியுள்ள ஊசி விற்கிறது. வெளிநாடுகளில் பெரும்பாலும் கிடைப்பது 100 யூனிட் வலிமையுள்ளது. ஊரிலிருந்து கொண்டுசென்ற குப்பி உடைந்துபோய், அங்கே புதிய குப்பி வாங்கி, கையிலிருக்கும் பழைய சிவப்பு மூடி ஊசியில் '10 யூனிட்' கோடு வரை உறிஞ்சிப் போட்டுக்கொண்டால் உடலுக்குள் செல்வது 25 யூனிட். அது உயிருக்கே ஆபத்தான அளவு. எனவே குப்பி எந்த வலிமையோ அதற்குரிய ஊசியையே, ஆரஞ்சு மூடி உள்ளதை, அதே கடையில் சேர்த்து வாங்க வேண்டும். பேனா வகை இன்சுலினில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. விமானத்தில் இன்சுலினைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும்; சரக்குப் பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து வீணாகக்கூடும்.

மாத்திரைகளும் அப்படியே. குறைந்தது மூன்று நாளுக்கு உரிய மாத்திரைகள் எப்போதும் உடலோடு ஒட்டிய பையில் இருக்கட்டும். பத்துமலை பார்த்துவிட்டு நேரே கெந்திங் செல்லும் நாளில் பெட்டிகள் எல்லாம் பேருந்தின் அடியில்தான் இருக்கும்.

முதல் சில நிமிடங்கள்

மலேசியாவில் காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் அனைத்துக்கும் ஒரே எண் 999. கைப்பேசியில் 112 என்று அழுத்தினாலும் அங்கேயே இணையும். அழைத்தவுடன் நோயைப் பற்றி நீளமாக விவரிக்கத் தொடங்காமல், இருக்கும் இடத்தை முதலில் சொல்லுங்கள். பேச்சு துண்டிக்கப்பட்டாலும் இடம் தெரிந்தால் வண்டி புறப்படும். பத்துமலை என்று தமிழில் சொன்னால் எல்லோருக்கும் விளங்காது, 'பத்து கேவ்ஸ்' என்றே சொல்ல வேண்டும். பெரிய முருகன் சிலையின் அடியிலா, படியின் நடுவிலா, மேலே குகைக்குள்ளா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விடுதி என்றால் பெயர், மாடி, அறை எண். எதிர்முனையில் இருப்பவர் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும்வரை துண்டிக்காதீர்கள். ஒருவர் நோயாளியுடன் இருக்க, மற்றொருவர் வாசலுக்குச் சென்று வண்டிக்காகக் காத்திருப்பது பல நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

அருகில் இருக்கும் கடைக்காரர்களிடமும் கோயில் பணியாளர்களிடமும் தயங்காமல் உதவி கேளுங்கள். பத்துமலையில் தமிழிலேயே கேட்கலாம். வேறு இடங்களில் சில மலாய்ச் சொற்கள் கைகொடுக்கும். உதவி என்பதற்கு 'தோலோங்', நெஞ்சுவலிக்கு 'சாகிட் டாடா', மூச்சுத் திணறலுக்கு 'செசாக் நாஃபாஸ்', உயர் இரத்த அழுத்தத்துக்கு 'டாரா திங்கி'. சர்க்கரை நோயை 'கென்சிங் மானிஸ்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'இனிக்கும் சிறுநீர்', நம் நீரிழிவுக்கு அக்கா முறை. மருத்துவமனை வாசலில் 'கெச்செமாசான்' என்று எழுதியிருக்கும் வழியே அவசரப் பிரிவுக்குச் செல்வது.

நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவற்றை மாரடைப்பாகவே கருதிச் செயல்பட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் களைப்பும் வாந்தியுணர்வும் மட்டும் தோன்றலாம் என்பதால், 'வலி இல்லையே' என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. படியின் மேல்பகுதியில் இருந்தால் அவரை நடத்திக் கீழே இறக்காதீர்கள். நாங்கள் செய்த இரண்டாவது தவறு அதுதான். தோளில் கைபோட்டு இருநூறு படிகளை இறக்கினோம். இருந்த இடத்திலேயே சாய்ந்தவாறு உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, உதவியை அவரிடம் வரவழைப்பதே முறை. ஆஸ்பிரினுக்கு ஒவ்வாமையோ, அண்மையில் இரத்தக் கசிவோ, வயிற்றுப் புண்ணோ இல்லாதவர்களுக்கு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினைக் கடித்து மென்று விழுங்கச் செய்யலாம். இதை 999 இல் பேசுபவரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை முன்பே மருத்துவர் பரிந்துரைத்தவர்களுக்கு மட்டும் உரியது. பக்கத்து இருக்கைப் பயணியின் பையிலிருந்து கடன் வாங்குவது அன்று. இரத்த அழுத்தம் தாழ்ந்திருப்பவருக்கும், சில்டெனஃபில் (வயாகரா) வகை மாத்திரை எடுத்தவருக்கும் அது பெரும் கேடு விளைவிக்கும்.

நினைவிழந்து, இயல்பாக மூச்சு விடாமல் இருந்தால் உடனே மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகத்தில் அழுத்த வேண்டும். விமான நிலையங்களிலும் பெரிய வணிக வளாகங்களிலும் சுவரில் பொருத்தியிருக்கும் இதய மின்னதிர்ச்சிக் கருவி, திறந்தவுடன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத் தானே பேசிச் சொல்லும். அது தேவையில்லாதவருக்கு அதிர்ச்சி கொடுக்காது என்பதால் அஞ்ச வேண்டியதில்லை.

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமல் தொங்குதல், பேச்சு குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அடையாளங்கள். இதில் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, ஏனெனில் மூளையில் அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தினால்தான் பயன் என்பதால், அவர் கடைசியாக இயல்பாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதே மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். கடிகாரத்தைப் பார்த்துக் கையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் மலேசிய நேரத்தில். நம் நேரத்தைவிட அது இரண்டரை மணி முந்தியது, கைக்கடிகாரத்தை மாற்றாத பெரியவர் சொல்லும் மணி கணக்கைக் குழப்பிவிடும்.

சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு உணவு தள்ளிப்போன பயணி நடுக்கத்துடன் உளறத் தொடங்கினால் அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ அரைக் குவளை பழச்சாறோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பத்துமலைக் குரங்கு கடித்தாலோ கீறினாலோ அதைச் சிறிய விஷயமாக விட்டுவிடாமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

மருத்துவமனையில்

999 மூலம் வரும் வண்டி பெரும்பாலும் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கே கொண்டுசெல்லும். அதைக் கேட்டு முகம் சுளிக்கத் தேவையில்லை; பெரிய அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகள் தேர்ச்சி பெற்றவை. அங்கே வந்த வரிசைப்படி அன்றி, நோயின் தீவிரத்தைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்ப்பார்கள். பச்சைப் பகுதியில் சில மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால், உங்கள் நோயாளியின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை என்று அவர்கள் கருதுகிறார்கள் என்றே பொருள். நிலைமை மாறினால் செவிலியரிடம் சென்று உடனே சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு; உள்ளூர்க் குடிமக்கள் செலுத்துவதைவிடப் பல மடங்கு, முன்பணமும் கேட்பார்கள். தனியார் மருத்துவமனையில் செலவு இன்னும் கூடும். ஆனால் உயிர்காக்கும் முதற்கட்டச் சிகிச்சையை அளிக்கும் கடமை தனியார் மருத்துவமனைகளுக்கும் உண்டு என்பதை 1998 ஆம் ஆண்டின் மலேசியச் சட்டம் சொல்கிறது. ஆகவே கையில் பணம் இல்லையே என்று வாசலில் தயங்கி நிற்காதீர்கள்.

மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்வதில் நம்மவர்களுக்கு ஒரு தயக்கம் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். காப்பீடு மறுக்கப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தில், பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கும் சர்க்கரையை "இப்போதுதான் ஆறு மாதமாக" என்பார்கள். பிள்ளைகள் எதிரில் இருப்பதால் மது, புகைப் பழக்கத்தை மறைப்பார்கள். தவறான தகவலை நம்பித் தரப்படும் சிகிச்சை நோயாளியையே தாக்கும். கூச்சமாக இருந்தால் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு மருத்துவரிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் மூன்றை மட்டும் கேளுங்கள். என்ன கண்டுபிடித்திருக்கிறீர்கள், இன்றே செய்யாவிட்டால் என்ன ஆகும், உத்தேசச் செலவு எவ்வளவு. செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஈசிஜியைப் படம் எடுத்து ஊர் மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்பது நல்லதே. ஆனால் அவர் பதிலுக்காகக் காத்திருந்து, அடைத்த இரத்தக் குழாயைத் திறக்கும் நேரத்தைத் தள்ளிப்போடக் கூடாது. "எப்படியாவது ஊருக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று உறவினர் சொல்வது அன்பினால்தான். நிலைமை சீராகாத இதய நோயாளியை நான்கு மணி நேர விமானத்தில் ஏற்றுவதைப்போல ஆபத்தான அன்பு வேறில்லை.

உறவினர் கூட்டத்தைச் சமாளிப்பதற்கும் ஒரு வழி தேவை. ஊரில் நிதானமான ஒருவரைத் தேர்ந்து அவருக்கு மட்டும் செய்தி சொல்லுங்கள். மற்றவர்களுக்கு அவர் சொல்லட்டும். குடும்பக் குழுவில் செய்தி போட்ட பத்தாவது நிமிடத்தில் நாற்பது அழைப்புகள் வந்து, காப்பீட்டு நிறுவனம் அழைக்கும் நேரத்தில் உங்கள் கைப்பேசி அணைந்துபோயிருக்கும்.

குழுச் சுற்றுலாவில் சென்றவர்கள் மறக்கக் கூடாதது கடவுச்சீட்டு. பல பயண வழிகாட்டிகள் எல்லோருடைய கடவுச்சீட்டுகளையும் வாங்கித் தாமே வைத்திருப்பார்கள். பேருந்து அடுத்த ஊருக்குக் கிளம்பும் முன், நோயாளியுடையதையும் உடன் தங்குபவருடையதையும் கேட்டு வாங்கிவிடுங்கள், பெட்டிகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். பதிவு மேசையில் முதலில் கேட்பதே அதைத்தான்.

பணமும் காப்பீடும்

பயணக் காப்பீட்டு அட்டையில் உள்ள உதவி எண்ணை முதல் சில மணி நேரத்துக்குள், இயன்றால் சேர்க்கப்படும்போதே, அழைத்து வழக்கு எண் வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். காலதாமதமாகத் தெரிவித்தால் அதையே காரணமாகக் காட்டிக் கேள்வி எழுப்பக்கூடும். மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் செலுத்துவதாகக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் உத்தரவாதக் கடிதத்தை அங்கே 'ஜிஎல்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது வரும்வரை முன்பணத்தை நீங்களே கட்ட வேண்டியிருக்கும்.

அதற்குக் கடன் அட்டை தயாராக இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2020 ஆம் ஆண்டு விதிப்படி புதிதாகத் தரப்படும் அட்டைகள் இந்தியாவுக்குள் மட்டுமே இயங்கும் நிலையில்தான் வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும், நாள் வரம்பையும் உயர்த்திக்கொள்ள வேண்டும். கடவு எண் குறுஞ்செய்தியில் வருமென்றால் இந்தியச் சிம் அட்டை ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும். மலேசியச் சிம் வாங்கியவுடன் பழையதைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டு, பணம் கட்டும் நேரத்தில் பை முழுவதையும் கொட்டித் தேடுபவர்கள் பலர்.

காப்பீடு எடுக்கும்போதே ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதி, அவற்றுக்கு என்ன ஈடு உண்டு என்பதைப் படித்துவிடுங்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அறை வாடகை, மருத்துவர் கட்டணம் போன்றவற்றில் தனித்தனி உச்சவரம்பு வைக்கும் திட்டங்கள் பல உள்ளன. மொத்தம் 50,000 டாலர் என்று பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ ஈடுள்ள காப்பீடு கட்டாயம். மலேசியா செல்பவர்கள் கட்டாயம் இல்லை என்பதற்காகவே எடுக்காமல் விடுகிறார்கள், அதுதான் வருந்தத்தக்கது.

இந்தியத் தூதரகம் மருத்துவச் செலவை ஏற்காது. உறவினருக்குத் தகவல் சொல்வது, கடவுச்சீட்டு தொலைந்திருந்தால் அவசரப் பயண ஆவணம் தருவது, இறப்பு நேர்ந்தால் உடலை அனுப்புவதற்கான தடையில்லாச் சான்று வழங்குவது ஆகியவற்றில் உதவும். உண்மையிலேயே வழியற்றுப் போனவர்களுக்காக 2009 இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதியும் தூதரகத்திடம் உள்ளது. அது வசதியைப் பார்த்தே தரப்படுவது.

மற்ற நாடுகளின் ஆம்புலன்ஸ் எண்களையும் பயணத்துக்கு ஏற்பக் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 995, தாய்லாந்தில் 1669, ஐக்கிய அரபு அமீரகத்தில் 998, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, அமெரிக்காவில் 911. இலங்கையில் 1990, இந்தியாவின் நிதியுதவியோடு 2016 இல் தொடங்கிய அந்தச் சேவை நம் 108 இன் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். பிரிட்டனில் அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம், உள்நோயாளியாகச் சேர்த்த கணத்திலிருந்து கட்டணம் ஓடத் தொடங்கும்.

ஊர் திரும்பும்போது

மருத்துவமனையில் தங்கும் நாள்கள் விசா அனுமதியைத் தாண்டுமென்று தோன்றினால், அனுமதி முடிவதற்கு முன்பே மருத்துவரின் கடிதத்துடன் குடிநுழைவுத் துறையை அணுகிச் சிறப்பு அனுமதி கேட்க வேண்டும். முடிந்தபின் சென்றால் நோயாளி என்றாலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

விமான நிறுவனத்திடம் நோயை மறைத்துப் பயணம் செய்யாதீர்கள். பறக்கத் தகுதியுண்டு என்ற மருத்துவச் சான்றையும், அவர்கள் கேட்கும் மருத்துவப் படிவத்தையும் சில நாள் முன்னதாகவே கொடுத்தால் சக்கர நாற்காலி, தேவைப்பட்டால் ஆக்சிஜன் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்வார்கள். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் நாளில் நோய்ச் சுருக்கம், ஒவ்வொரு செலவையும் தனித்தனியே காட்டும் பட்டியல், கட்டிய பணத்தின் அசல் ரசீதுகள், ஆஞ்சியோகிராம் குறுந்தகடு, ஸ்டென்ட் அட்டை ஆகியவற்றை வாங்கிச் சரிபாருங்கள். பெயரில் ஓர் எழுத்து கடவுச்சீட்டிலிருந்து மாறியிருந்தாலும் அங்கேயே திருத்தி வாங்குங்கள். நம் தலைப்பெழுத்து முறையால் தந்தை பெயர் நோயாளி பெயராகிவிடுவது சாதாரணம். திரும்பியபின் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், மலேசியா சென்று வந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டெங்கு அங்கே ஆண்டு முழுவதும் உண்டு.

கடைசியாக, அந்த ஒற்றைத் தாளைப் புதிதாக எழுதுங்கள். அங்கே கொடுத்த மாத்திரைகளின் மூலப் பெயரை ஊர் மருத்துவரிடம் காட்டி, இங்கே அதே மருந்து எந்தப் பெயரில் கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இல்லையேல் பழைய மாத்திரையும் புதியதும் ஒரே மருந்தாக இருந்து, இரண்டையும் சேர்த்து உட்கொள்ளும் விபரீதம் நேரும். பெரியப்பாவின் தாளில் இப்போது ஸ்டென்ட் வைத்த தேதியும், இரத்தம் உறையாமைக்கான இரண்டு மாத்திரைகளும், அவற்றை எந்தப் பல் மருத்துவர் சொன்னாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்ற வரியும் சேர்ந்திருக்கின்றன. அந்த வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம்.